எடை தூக்கினால் குத்தின் வேகம் போய்விடுமா?

பிப்ரவரி 3

ஒரு வாசகர் கேட்டது, அப்படியே: "அமெச்சூர் குத்துச்சண்டை ஆடுகிறேன். எடை தூக்காதே, தசை இறுகிக் கை வேகம் போய்விடும் என்கிறார் கோச். ஓட்டம், கயிறு, தண்டால் போதுமாம். கூடப் பயிற்சி எடுப்பவர்களோ வாரம் ஐந்து நாள் ஜிம்மில் கிடக்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?"

இரண்டு தரப்பையும் பாதிப் பாதி கேட்கலாம். கோச்சின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மார்புக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று பிரித்து, பத்துப் பன்னிரண்டு ரெப்ஸ் (நிறுத்தாமல் தூக்கும் தடவைகள்) வீதம் தசை எரியும்வரை தூக்கிவிட்டு மறுநாள் கோச் பிடிக்கும் பேடில் குத்த வருகிறவனின் ஜாப் (முன்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து) கனமாகத்தான் வரும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பழியை எடைமேல் போட்டுவிட்டார்கள். முந்தைய நாளின் களைப்பு இன்னும் தோளில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குத்து எங்கிருந்து புறப்படுகிறது என்று முதலில் பார்க்கலாம். ஃபிலிமோனோவும் அவர் குழுவினரும் செய்த சோவியத் ஆய்வு 1985-இல் வெளிவந்தது. தேர்ந்த வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு ஏறத்தாழ 38 சதவீதம், உடற்பகுதியின் பங்கு 37, கையின் பங்கு 24 என்று அதில் இருக்கிறது. கீழ்நிலை வீரர்களிடம் கை 38, கால் பதினாறு பதினேழுதான். அவர்கள் தரையைத் தள்ளுவதில்லை, கையை மட்டும் வீசுகிறார்கள். ஆக, தரையைத் தள்ளும் பலத்தைக் கூட்டினால் குத்தில் தெரியும். பெஞ்ச் பிரஸ்ஸில் இன்னொரு தட்டு ஏற்றினால் கண்ணாடியில் தெரியும்.

பிப்ரவரி 4, இரவு

"சரி, எவ்வளவு தூக்க?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

வாரம் இரண்டு முறை. தள்ளுவதில் ஒன்று, இழுப்பதில் ஒன்று, காலுக்கு ஒன்று. ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்தெழுவது) அல்லது டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது), புல்-அப், ஏதாவது ஒரு பிரஸ். மூன்றிலிருந்து ஐந்து ரெப்ஸ், மூன்று நான்கு செட், இடையில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கடைசி ரெப்பும் ஒழுங்காக எழ வேண்டும். முக்கி, முதுகு வளைந்து எழுந்தால் எடை அதிகம்.

எடை கூடிவிடுமே என்ற கவலைக்கு: இந்த அளவில் பலம் பெரும்பாலும் நரம்பு வழியாக வருகிறது. இருக்கிற தசையை ஒரே நேரத்தில் அதிகம் கூப்பிடப் பழகுகிறது உடம்பு. சதை போட வேண்டுமென்றால் இதைவிட நிறைய செட்டும், உபரிச் சாப்பாடும் வேண்டும். எடைப் பிரிவுக்காக வாயைக் கட்டி வாழ்கிறவனுக்கு அது சுலபத்தில் நடக்காது.

பிப்ரவரி 7

டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது) செய்தால் கை வேகம் கூடுமா என்று கேட்டவருக்கு: கையில் இரண்டு கிலோவோடு ஒரு ஜாப் போட்டு, கை முழுதும் நீண்ட இடத்தில் நிறுத்திப் பாருங்கள். எங்கே வலிக்கிறது? தோளின் முன்பக்கம். எடை கீழே இழுக்கிறது, நீங்கள் குத்துவதோ முன்னால். அதாவது கையைக் கீழே விடாமல் தாங்குவதற்குப் பயிற்சி கிடைக்கிறது, முன்னால் எறிவதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அதோடு எடை கையைப் பிடுங்கிக்கொண்டு போகாமலிருக்க முழங்கை நீளும் முன்பே உடம்பு பிரேக் போடக் கற்றுக்கொள்கிறது. குத்துக்கு நேர் எதிரான பழக்கம் அது. தோள் தாங்கும் சக்திக்காக ஒன்றிரண்டு ரவுண்டு செய்கிறேன் என்றால் செய்யுங்கள். வேகத்துக்கென்று நம்ப வேண்டாம்.

வேகத்துக்கு மெடிசின் பால், அதாவது கனமான பயிற்சிப் பந்து. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, சண்டை நிலையில் நின்று, பின்காலைத் திருப்பி இடுப்போடு சேர்த்து எறியுங்கள். மூன்று கிலோ, நான்கு கிலோ போதும். பந்து சுவரில் படும் சத்தத்தைக் கவனியுங்கள். சத்தம் மங்கியதும் அந்த செட் முடிந்தது, எண்ணிக்கை பாக்கி இருந்தாலும். இதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மங்கிய சத்தத்தோடு இருபது எறிந்தால் மெதுவாக எறியப் பழகுகிறீர்கள்.

பிப்ரவரி 7, கொஞ்சம் கழித்து

தளர்வு பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 2010-இல் ஐந்து தேர்ந்த எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர்களின் தசைகளில் மின்முனை பொருத்தி அடிகளை அளந்தார். அடி புறப்படும்போது தசை ஒருமுறை இறுகுகிறது, நடுவழியில் தளர்கிறது, இலக்கில் படும்போது மறுபடி இறுகுகிறது. நடுவில் தளரவில்லையென்றால் வேகம் வராது. "உடம்பை விறைப்பாக வைக்காதே" என்று பழைய கோச்சுகள் கத்துவது இதைத்தான். இறுக்கத்தை மட்டும் நாள் முழுக்கப் பயிற்சி செய்கிறவனுக்கு இறுகத் தெரியும், விடத் தெரியாது. எடை எதிர்ப்பாளர்களுக்கு இந்த ஒரு புள்ளியைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிப்ரவரி 12

இப்போது தம் விஷயம், அதாவது மூச்சு வாங்காமல் தாங்கும் திறன். எல்லாரும் சண்டை போடுகிற இடம்.

எந்த விளையாட்டு என்று தெரியாமல் தம் பற்றிப் பேசுவது வீண். அமெச்சூர் குத்துச்சண்டை மூன்று நிமிட ரவுண்டு மூன்று, இடையில் ஒரு நிமிடம். எம்எம்ஏ ஐந்து நிமிட ரவுண்டு மூன்று, பட்டச் சண்டையில் ஐந்து. ஒலிம்பிக் மல்யுத்தம் மூன்று நிமிடம் இரண்டு, நடுவில் முப்பது விநாடி. ஜூடோ நான்கு நிமிடம், சமநிலையில் முடிந்தால் கோல்டன் ஸ்கோர் (முதலில் புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார்), அதற்கு நேர வரம்பே இல்லை. முவே தாய் மூன்று நிமிடம் ஐந்து, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. ஒரே பயிற்சித் திட்டத்தை இவர்கள் எல்லாருக்கும் விற்கிறவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள்.

பொதுவான விஷயம் ஒன்று உண்டு. ஒரு சரமாரி அடி, எதிராளியைக் கீழே வீழ்த்தும் ஒரு டேக்டவுன் முயற்சி, இவையெல்லாம் சில விநாடி வேலை. அதற்கான எரிபொருள் தசையில் தயாராக இருக்கும் ஏடிபியும் கிரியேட்டின் பாஸ்பேட்டும். முழு வேகத்தில் அது பத்து விநாடி அளவுக்குத்தான் வரும். தீர்ந்த கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி ஏறக்குறைய அரை நிமிடத்தில் திரும்பிவிடும், முழுக்க நிரம்பச் சில நிமிடம் ஆகும். அதைத் திரும்ப நிரப்புவது ஆக்சிஜன். "சண்டை வெடிப்பான விளையாட்டு, நீண்ட ஓட்டம் எதற்கு?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெடிப்பது ஒரு தடவைக்குப் போதும் என்றால் ஓட்டம் வேண்டாம். மூன்றாவது ரவுண்டிலும் வெடிக்க வேண்டுமென்றால் நடுநடுவே நிரப்புகிற இயந்திரம் பெரிதாக இருக்க வேண்டும்.

1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா, உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டச் சண்டை. ஜார்ஜ் ஃபோர்மனுக்கு அப்போது 25 வயது. முகமது அலிக்கு 32. ஃபோர்மன் பட்டத்தை வாங்கிய சண்டையும், அதற்குப் பின் தக்கவைத்துக்கொண்ட இரண்டும் இரண்டு ரவுண்டுக்குள் முடிந்தவை. யாருக்குப் பலம் அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அவரை அடிக்கவிட்டார், எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன். தந்திரம், வெக்கை, மனசு என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் உடம்புக்கு அன்றைக்கு முன் நெடுநாளாக ஆறாவது ரவுண்டு என்ற ஒன்றே தெரியாது என்பது.

பிப்ரவரி 13

"தபாட்டா நாலு நிமிடம் போதும், ஓட்டம் நேர விரயம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஜப்பானிய ஆய்வாளர் தபாட்டாவின் 1996 ஆய்வை யாரும் படிப்பதில்லை, பெயரை மட்டும் படிக்கிறார்கள். அது சைக்கிளில் நடந்தது. 20 விநாடி மிதி, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு முறை, அதுவும் உச்ச ஆக்சிஜன் அளவுக்குத் தேவைப்படும் வேகத்தைப் போல 170 சதவீதத்தில். ஏழெட்டோடு ஆள் நிஜமாகவே தீர்ந்துவிடுவார். செல்போனில் பீப் வைத்துக்கொண்டு பர்பீ (குந்தி, தண்டால் எடுத்து, குதித்தெழுவது) போடுவதற்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம்தான். இன்னொன்று, அந்தக் குழுவினரே வாரத்தில் ஒரு நாள் 30 நிமிடம் சீரான வேகத்தில் மிதித்தார்கள். அதை யாரும் சொல்வதில்லை, விற்காது.

ஆல்டிட்யூட் மாஸ்க் பற்றியும் கேள்வி. மலைமேல் காற்றழுத்தம் குறைவதால் ஆக்சிஜன் குறைகிறது. முகமூடி அழுத்தத்தைக் குறைக்காது, இழுப்பதைச் சிரமமாக்கும். மூச்சுத் தசைக்குக் கொஞ்சம் வேலை. மற்றபடி போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 20

தம் கூடியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் பார்ப்பது ஒரே ஒரு எண். ஹெவி பேக்கில் (தொங்கும் குத்துப்பையில்) மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்ததும் இதயத்துடிப்பு. சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி. அவ்வளவுதான்.

ஒரு பையனைக் கவனித்தேன். ரவுண்டுக்குள் எல்லாரையும்விட வேகம். மணி அடித்ததும் முழங்காலில் கை ஊன்றிக் குனிவான், வாய் திறந்து, தோள்கள் காதுவரை ஏறி இறங்கும். முதல் ரவுண்டு முடிவில் 184, ஒரு நிமிடம் கழித்து 166. இரண்டாவதில் 188, அப்புறம் 174. மூன்றாவது ரவுண்டுக்குப் போகும்போதே 174-இல் புறப்படுகிறான். பின்கை தாடையை விட்டு இறங்கி மார்புக்கு வந்துவிடும், அவனுக்கே தெரியாது. எல்லாரும் அவனுக்கு இன்னும் கடுமையான இன்டர்வெல் (கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி) கொடுக்கச் சொன்னார்கள். இன்டர்வெல் அவனுக்கு ஏற்கெனவே தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது, ஸ்பாரிங் (கூட்டாளியோடு பயிற்சிச் சண்டை) என்ற பெயரில்.

வாரம் மூன்று நாள் நாற்பது ஐம்பது நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடவிட்டோம். துடிப்பு 130க்கும் 150க்கும் நடுவில். அவனுக்கு அவமானமாக இருந்தது. பெரியவர்கள் நடைப்பயிற்சியில் அவனைத் தாண்டிப் போனார்கள் என்று புலம்பினான். சில மாதம் கழித்து அதே பேக், அதே மூன்று நிமிடம். முடிவில் 182, ஒரு நிமிடத்தில் 138. உச்சம் மாறவில்லை, இறங்குகிற வேகம் மாறியிருந்தது. இரண்டாவது ரவுண்டுக்கு வாயை மூடிக்கொண்டு போனான்.

நிதான ஓட்டத்தில் இதயத்தின் அறை ஒவ்வொரு துடிப்பிலும் நன்றாக நிரம்புகிறது, காலப்போக்கில் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளப் பழகுகிறது. 180-இல் அடிக்கும்போது நிரம்பக் கிடைக்கும் நேரம் குறைவு. இரண்டும் வேண்டும். கடும் இன்டர்வெல் போட்டிக்கு முந்தைய சில வாரங்களுக்கு. அதன் கீழே இருக்க வேண்டிய அடித்தளம் மாதக்கணக்கில்.

பிப்ரவரி 21

"அப்போ எங்கள் கோச் சொன்ன ஓட்டம் சரிதானே?" என்று முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார். ஓட்டம் சரி. எல்லா நாளும் ஸ்டாப்வாட்ச்சோடு விரட்டினால் அது தப்பு. மூட்டு வலித்தால் சைக்கிளோ நீச்சலோ போதும், இதயத்துக்குக் காலணி தெரியாது.

மார்ச் 1

மல்யுத்தம், ஜூடோக்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள், குத்தைப் பற்றியே பேசுகிறேனாம்.

ஜூடோவில் முதலில் செத்துப்போவது முன்கை. உடையைப் பிடித்த பிடி நழுவினால் எவ்வளவு டெட்லிஃப்ட் போட்டாலும் பயன் இல்லை. பிடி என்பது அசையாமல் தாங்கும் பலம். விரல் நசுக்கும் ஸ்பிரிங்கை டிவி பார்த்துக்கொண்டே அமுக்குவதால் அது வராது. புல்-அப் கம்பியில் பழைய ஜூடோ உடையையோ துண்டையோ போட்டு அதைப் பிடித்துத் தொங்குங்கள். இருபது முப்பது விநாடி தொங்கல், பத்து விநாடி விடுதல், மறுபடி. ஆட்டமும் ஏறக்குறைய அந்தத் தாளத்தில்தான் போகிறது: இருபது முப்பது விநாடி பிடிச்சண்டை, நடுவர் நிறுத்தும் சிறு இடைவெளி, மறுபடி. விரலின் தசைநார் மெதுவாகத்தான் பழகும், வாரம் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

கழுத்து. பாலம் போடுவது பற்றி இரண்டு கட்சி. தலையைத் தரையில் ஊன்றி உடம்பை உருட்டுவது மல்யுத்தத்தில் நிஜமாக வரும் நிலை, அவர்கள் பழகத்தான் வேண்டும். குத்துச்சண்டைக்காரனுக்கு அந்த அழுத்தம் தேவையில்லை. கூட்டாளி உள்ளங்கையால் தலையை நாலு பக்கமும் மெல்லத் தள்ள, அசையாமல் எதிர்த்து நின்றாலே போதும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டு வீரர்கள் 6,000 பேருக்கு மேல் வைத்து 2014-இல் வந்த ஆய்வில், கழுத்துப் பலம் ஒரு பவுண்டு கூடக்கூட மூளை அதிர்வுக்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைந்தது. அது கால்பந்து, கூடைப்பந்து, லக்ராஸ் ஆடியவர்களிடம் பார்த்தது. அவர்களைத் தாடையில் யாரும் குறிபார்த்துக் குத்துவதில்லை. ஆகவே கழுத்து தடித்தால் அடி வாங்கலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 2

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை பழசாகிவிட்டதா? காமா பயில்வான் 1910-இல் லண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டி, வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. அப்படிப்பட்ட சண்டைக்கு ஆயிரக்கணக்கில் பஸ்கி போடுகிற உடம்புதான் சரி. (1928-இல் மறுபடி மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார், அதற்கு எந்தப் பஸ்கி காரணம் என்று தெரியவில்லை.) இன்றைக்கு ஆறு நிமிட மல்யுத்தம். கடிகாரம் மாறினால் பயிற்சியும் மாற வேண்டும். சூடேற்றவும், தோள் மூட்டு இளகவும் கர்லாக்கட்டை இன்றும் அருமை. நூறு தண்டால் எடுப்பவனுக்கு நூற்றிருபதாவது தண்டால் பலம் தராது, முதுகில் ஒரு தட்டை வைத்து ஐந்து எடுத்தால் தரும்.

மார்ச் 9

பிப்ரவரி 4 அன்று "வாரம் இரண்டு முறை" என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டேன். எந்த இரண்டு நாள் என்பதுதான் பெரிய கேள்வி, அதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும்.

1980-இல் ராபர்ட் ஹிக்சன் செய்த ஆய்வு இந்தத் துறையில் எல்லாரும் சுட்டுவது. ஒரு குழு பலப் பயிற்சி மட்டும், ஒரு குழு தாங்குதிறன் மட்டும், மூன்றாவது குழு இரண்டையும் முழு அளவில், பத்து வாரம். மூன்றாவது குழுவின் பலம் ஏழாவது வாரம்வரை பலப் பயிற்சிக் குழுவைப் போலவே ஏறியது, பிறகு நின்றது, கடைசியில் இறங்கியது. பலரும் இதை "ஓடினால் பலம் போகும்" என்று படிக்கிறார்கள். அவர்கள் செய்த அளவைப் பாருங்கள்: வாரம் ஐந்து நாள் எடை, ஆறு நாள் கடும் ஓட்டமும் சைக்கிளும். உடம்பின் மீளும் திறன் மாதச் சம்பளம் மாதிரி; வருவது ஒன்று, செலவுக் கணக்குப் பல. ஸ்பாரிங், பேட், எடை, ஓட்டம், எடைக்குறைப்பு, வேலை, தூக்கமின்மை எல்லாம் அதே பணத்தில்தான்.

என் ஏற்பாடு இது: கடும் ஸ்பாரிங் இருக்கும் நாளுக்கு முந்தைய நாள் காலுக்கு எடை கிடையாது. களைத்த காலோடு ஸ்பாரிங் போனால் தலையை நகர்த்த மாட்டோம், அடி வாங்குவோம். எடையைக் காலையில், நுணுக்கப் பயிற்சியை அதே நாள் மாலையில். லேசான நாள் நிஜமாகவே லேசாக இருக்கட்டும். எல்லா நாளையும் நடுத்தரக் கடுமையில் வைப்பதுதான் நான் பார்த்தவற்றில் மோசமான திட்டம், அதுவே அதிகம் நடப்பதும்.

கணக்கு வைக்கச் சுலபமான வழி கார்ல் ஃபாஸ்டருடையது. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, எவ்வளவு கடினம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிட ஸ்பாரிங் 8 என்றால் 720. 40 நிமிட எடை 6 என்றால் 240. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறினால் அடுத்த வாரம் சளி, தோள் வலி, சிடுசிடுப்பு ஏதோ ஒன்று வாசலில் நிற்கும். நோட்டில் எழுதினாலே போதும், ஆப் வேண்டாம்.

மார்ச் 10

"வாந்தி வரவைக்காத பயிற்சி பயிற்சியே இல்லை" என்றொருவர். ஒருவரை வாந்தியெடுக்க வைக்க எந்தப் படிப்பும் வேண்டாம், நானும் செய்வேன், என் பாட்டியும் செய்வார். அளவுமீறிய பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது வீரம் இல்லை, தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது, நேரே மருத்துவமனை.

மார்ச் 22

எடைக்குறைப்பு பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இதில் பொறுமை குறைவு.

1997 இறுதியில் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளிக்குள் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். அதன்பின் அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடையும், எடை குறைக்க சானாவும் தடைசெய்யப்பட்டன. அந்த ரப்பர் உடையில் ஓடும்போது வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது, உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும். இறங்குகிற எடை தண்ணீர்தான்.

வினேஷ் போகத் 2024 பாரிஸில் 50 கிலோ இறுதிச்சுற்றுக்குப் போய், இரண்டாம் நாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்து வெளியேற்றப்பட்டது எல்லாருக்கும் தெரியும். சர்வதேச மல்யுத்தத்தில் இரண்டு நாளும் காலையில் எடை பார்க்கிறார்கள். முதல் நாள் இறக்கிய தண்ணீரைச் சண்டை போடக் குடித்தாக வேண்டும், குடித்ததை இரவோடு இரவாக மறுபடி இறக்க வேண்டும். ஒருநாள் முன்னதாக எடை பார்த்துவிட்டு மறுநாள் சண்டை போடும் தொழில்முறை எம்எம்ஏவின் உத்திகளை அங்கே கொண்டுவர முடியாது. ஆகவே "அந்த வீரர் பத்துக் கிலோ இறக்கினாரே" என்று சொல்லும் முன் அவருக்கு எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று பாருங்கள்.

இந்த இழையின் விஷயத்தோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. மாவுச்சத்திலிருந்து உடலில் சேமித்த கிளைகோஜன் ஒரு கிராமோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தினால் தராசு சட்டென்று இறங்குவது அதனால். இறங்கியது தண்ணீர் மட்டுமில்லை, மூன்றாவது ரவுண்டுக்கான எரிபொருளும்தான். மாதக்கணக்கில் ஓடிச் சேர்த்ததைக் கடைசி மூன்று நாளில் கொட்டிவிட்டு, கோச் தம் பயிற்சி சரியாகக் கொடுக்கவில்லை என்கிறார்கள்.

ஏப்ரல் 5

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்ன செய்ய என்று கேட்டவருக்கு. பயம் வரும், இன்னும் கொஞ்சம் செய்வோம் என்று தோன்றும். இந்த நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, களைப்பை இறக்க முடியும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது: இரண்டு வாரத்தில் பயிற்சியின் அளவை ஏறக்குறைய பாதியாக்கு, வேகத்தையும் கனத்தையும் குறைக்காதே. எடையில் நான்கு செட்டுக்குப் பதில் இரண்டு, அதே தட்டுகள். மெடிசின் பால் அப்படியே, எண்ணிக்கை குறைவாக. கடும் ஸ்பாரிங் கடைசி வாரம் வேண்டாம். ஓட்டம் இருபது நிமிடம், நிதானம். கடைசி எடைப் பயிற்சி போட்டிக்கு நாலைந்து நாள் முன்னால்.

ஏப்ரல் 6

கயிறு தாண்டுவது பற்றிக் கேட்டு விடுபட்டவருக்கு: கெண்டைக்கால் தசைநாருக்கும் பாதத் தாளத்துக்கும் நல்லது, மூன்று நிமிட ரவுண்டாகத் தாண்டுங்கள். குதிகால் தரையைத் தொட ஆரம்பித்தால் நிறுத்துங்கள். சிமென்ட் தரையில் வேண்டாம்.